இங்கிலீஷ் நோட்டீசும் ஏழையின் கைநாட்டும்

மில் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டுகிறார்கள். இங்கிலீஷில் டைப் அடித்த அரைப் பக்கம். அடியில் மானேஜரின் கிறுக்கல் கையெழுத்து, அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பு. முதல் ஷிப்ட் முடிந்து வருகிற தோழர்கள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூடுகிறார்கள். "என்னப்பா போட்டிருக்கான்?" பத்தாவது வரை படித்த பையன் ஒருவனை முன்னே தள்ளுகிறார்கள். அவன் எழுத்துக் கூட்டி, "லே... ஆஃப்" என்கிறான். "லீவு விட்டிருக்காங்களா?" என்கிறார் ஒருவர். "சீட்டைக் கிழிச்சிட்டாங்க போல" என்கிறார் இன்னொருவர். பையனுக்குத் தெரியவில்லை. டைம்கீப்பரைப் போய்க் கேட்டால், "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்யா, வீட்டுக்குப் போங்க" என்று பதில் வருகிறது.

இந்தக் காட்சியை நாம் ஒரு மில்லில் அல்ல, பல மில்களில் பார்த்திருக்கிறோம். காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, அது புரியாத பாஷையில் இருக்கிறது என்பதே பாதி மிரட்டல். புரியாததைக் கண்டு மனிதன் பயப்படுகிறான். பயந்தவன் கேள்வி கேட்பதில்லை. கேட்காதவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறான்.

அதனால் இந்த வாரம் இங்கிலீஷ்காரனின் சொல் கிடங்கைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம் என்று தோன்றியது. மிரட்டுவதற்கும் குழப்புவதற்கும் ஏமாற்றுவதற்கும் அந்தப் பாஷையில் இருக்கிற வார்த்தைகளுக்குக் கணக்கில்லை. நம்மிடமும் சரக்குக்குப் பஞ்சமில்லை. காதில் பூ சுற்றுவது, தலையில் மிளகாய் அரைப்பது, பட்டை நாமம் போடுவது, பூச்சாண்டி காட்டுவது என்று அடுக்கலாம். நாம் கண்ணில் மண்ணைத் தூவுகிறோம், அவர்கள் கண்ணில் புழுதியைத் தூவுகிறார்கள். அல்லது கண்மேல் கம்பளியை இழுத்து விடுகிறார்கள். 'ஹூட்விங்க்' என்றால் முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடுவது. 'பிளஃப்' என்பது சீட்டாட்ட மேஜையில் வளர்ந்த சொல்; கையில் சீட்டு இல்லாதவன் இருப்பதுபோல் காட்டிக்கொள்வது. காதுக்கு நம்முடைய 'புளுகு' மாதிரியே இருக்கிறது, உறவு ஒன்றும் கிடையாது.

இவை எல்லாம் சில்லறைகள். இனி வருபவை அப்படி அல்ல.

'புல்டோஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மண் தள்ளும் இயந்திரத்தின் பெயர் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இயந்திரம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சொல் பிறந்துவிட்டது. அமெரிக்காவில் 1865-ல் உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது. 1870-ல் கருப்பு மக்களுக்கு ஓட்டு கிடைத்தது. ஆண்களுக்கு மட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1876-ல் ஜனாதிபதி தேர்தல் வந்தது. லூயிசியானா மாகாணத்தில் பருத்திக் காட்டு எஜமானர்களின் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து இரவில் கருப்பு உழவர்களின் குடிசைகளுக்குப் போய், ஓட்டுப் போடப் போகாதே என்று சவுக்கால் அடித்தார்கள். காளை மாட்டுக்குக் கொடுக்க வேண்டிய அளவு அடி, காளைக்கு உரிய 'டோஸ்'. அதுதான் புல்டோஸ். அடித்தவர்களுக்குப் பெயர் 'புல்டோசர்'. எதிரில் உள்ளதைத் தள்ளி நசுக்கிக்கொண்டு போகும் இயந்திரம் பிற்பாடு வந்தபோது அந்தப் பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

இப்போது அந்தச் சொல் பழைய அர்த்தத்துக்கே திரும்பி நடந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டில் சில மாநிலங்களில், குற்றம் சாட்டப்பட்டவனின் வீட்டை விசாரணை முடியும் முன்பே சர்க்கார் இயந்திரம் வந்து இடித்தது. உள்ளே இருந்த கிழவியும் குழந்தையும் எந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு? 2024 நவம்பர் 13-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் இடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

'பிளாக்மெயில்' என்ற சொல்லும் உழவனின் வயிற்றில் அடித்துப் பிறந்ததுதான். இதிலுள்ள 'மெயில்' தபால் அல்ல. ஸ்காட்லாந்துப் பேச்சில் அதற்குக் குத்தகை, வாரம், வரி என்று பொருள். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் 16-ம் நூற்றாண்டில் குதிரையேறி வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் கொள்ளைக் கூட்டத் தலைவர்கள் இருந்தார்கள். நிலத்துக்காரனுக்கு ஒரு குத்தகை கொடுத்த குடியானவன், இவர்களுக்கும் ஒரு குத்தகை அழ வேண்டும். அழுதால் மாடு பிழைக்கும். அந்தக் கறுப்புக் குத்தகைதான் பிளாக்மெயில். அது பெருங்குற்றம் என்று 1601-ல் எலிசபெத் ராணியின் சட்டம் விதித்தது. நம் தென் ஜில்லாக்களில் திருட்டுப்போன மாட்டைத் திரும்பப் பெறக் கொடுத்த 'துப்புக்கூலி' உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? அதே சங்கதி. இன்று கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தால், 'தொழிலாளிகள் பிளாக்மெயில் செய்கிறார்கள்' என்று முதலாளிமார் சங்கம் அறிக்கை விடுகிறது! குடியானவனிடம் பறித்தவனின் பெயரைப் பறிகொடுத்தவனுக்கே சூட்டுகிறார்கள்.

இன்னொன்று கருவாட்டுக் கதை. 'ரெட் ஹெர்ரிங்' என்றால் புகைபோட்டுச் சிவந்த மீன், நம் ஊர்க் கணக்கில் கருவாடு. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடும் தந்திரத்துக்கு இங்கிலீஷில் இதுதான் பெயர். இதைப் பரப்பியவர் வில்லியம் காபெட். இங்கிலாந்தின் கூலி விவசாயிகளுக்காகப் பேனா பிடித்தவர், சிப்பாய்களைச் சவுக்கால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810-ல் சிறைக்குப் போனவர். சின்ன வயதில் முயல் வேட்டைக்கு வந்த நாய்களைக் கருவாட்டை இழுத்துத் திசைதிருப்பியதாக 1807-ல் ஒரு கதை எழுதி, நெப்போலியன் தோற்றான் என்ற பொய்ச் செய்தியின் பின்னால் ஓடி உள்நாட்டு விஷயங்களை மறந்த பத்திரிகைகளைக் கிண்டல் செய்தார். போனஸ் பேச்சு சூடாகும் சமயம் பார்த்து ஊரில் சாதிச் சண்டையோ கோயில் சண்டையோ கிளம்புகிறதே, அப்போதெல்லாம் நமக்கு மூக்கில் கருவாட்டு வாசனை அடிக்கும்.

மிரட்டுவது ஒரு வகை, புத்தியையே கலக்கிவிடுவது இன்னொரு வகை. 1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற இங்கிலீஷ் எழுத்தாளர் 'கேஸ் லைட்' என்று ஒரு நாடகம் எழுதினார். புருஷன் ரகசியமாக மாடிக்குப் போய் நகை தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்றியதும் கீழே வீட்டு விளக்கு மங்குகிறது. மனைவி கேட்டால், விளக்கு மங்கவே இல்லை, உனக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டது என்கிறான். சாமானை அவனே ஒளித்துவிட்டு அவள் தொலைத்ததாகவும் சொல்கிறான். 1944-ல் இது ஹாலிவுட் படமாகிப் பெயர் பெற்றது. இப்போது 'கேஸ்லைட்டிங்' ஒரு வினைச்சொல். 2022-ன் சொல் என்று அமெரிக்க அகராதிக்காரர்கள் இதைத்தான் பொறுக்கி எடுத்தார்கள்.

இந்த நாடகம் நூற்பு மில்லில் தினமும் நடப்பதுதான். நேற்றைவிட இன்று இழை அதிகம் அறுகிறது, சைடுக்கும் சைடுக்கும் ஓடி ஓடிக் கால் கடுக்கிறது. "மிஷின் ஸ்பீடு ஏத்திட்டாங்களா, சார்?" என்று கேட்கிறாள் தங்கை. "அதே ஸ்பீடுதாம்மா, உனக்குத்தான் கை ஓடலை" என்கிறார் சூப்பர்வைசர். இரண்டு நாள் இப்படிக் கேட்டால் அவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. பக்கத்து சைடு தோழியிடம் வாய்விட்டுக் கேட்டு, அவளும் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் சித்தம் தெளிகிறது. நாடகத்திலும் அப்படித்தான்: வெளியிலிருந்து ஒருவர் வந்து, விளக்கு மங்குவது உண்மைதான் என்று சொன்ன பிறகே அவளுக்கு உயிர் வருகிறது.

இனி கையெழுத்துக்கு வருவோம். விபரீதம் அங்கேதான்.

1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போயிற்று. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷம் உழைப்பதாக ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துப் போனார்கள். அந்தக் காகிதத்துக்குப் பெயர் 'அக்ரிமெண்ட்'. உடன்பாடு என்று பொருள்! உடன்பாடாம்! வேலைக்கு வராவிட்டால் கூலி வெட்டு மட்டும் அல்ல, ஜெயில். அந்த இங்கிலீஷ் வார்த்தை நம் நாக்கில் தேய்ந்து 'கிர்மிட்' ஆயிற்று. பிஜித் தீவில் அதுவே ஒரு தலைமுறையின் பெயராக நிலைத்தது. ஐந்து வருஷம் முடிந்து நேட்டாலில் தங்கினால் ஆளுக்கு வருஷம் 3 பவுன் வரி என்று 1895-ல் சட்டம் செய்தார்கள். 1913-ல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலையை நிறுத்திவிட்டு ஜனங்கள் நடந்த பிறகே, 1914-ல் அந்த வரி ஒழிந்தது.

இலங்கைத் தோட்டத்தில் நிலைமை தலைகீழ். அங்கே நம் வார்த்தையை வெள்ளைத் துரை எடுத்துக்கொண்டான். 'துண்டு' என்று ஒரு சீட்டு. இந்தக் கடன் தொகையைக் கட்டினால் இன்னின்ன ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கங்காணியிடம் கொடுப்பான். கங்காணி அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விலை பேசுவான். தன் விலை எழுதிய சீட்டைப் படிக்கத் தெரியாமல் தொழிலாளி பின்னாலேயே நடந்து போவான். 1921-ல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏமாற்றுவதற்கு இங்கிலீஷ்தான் வேண்டும் என்பதில்லை என்று இதிலிருந்தே தெரியும். நம் கண்முன்னே, மேற்கு ஜில்லாக்களின் நூற்பு மில்களில், ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, 'அப்ரெண்டிஸ்' என்ற பெயரில் அரைக் கூலிக்கு வேலை வாங்கினார்களே, அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'சுமங்கலி'. பாஷை எதுவானால் என்ன, பட்டை நாமம் ஒன்றுதான்.

வயல் வேலைத் தோழர்களுக்கு இதைவிடப் பழக்கமான காகிதம் ஒன்று உண்டு: புரோநோட்டு. 'பிராமிஸ்' என்றால் வாக்குறுதி. அதன் சுருக்கம்தான் இந்தப் 'புரோ'. அறுப்பு முடிந்து கொடுத்துவிடுகிறேன் என்று நாம் நினைத்துக் கைநாட்டு வைக்கிறோம். நோட்டில் இருப்பது 'தாங்கள் கேட்கும்போது'. நாளைக் காலையிலேயே அவன் கேட்கலாம். ஸ்டாம்பு ஒட்டிய வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதைவிட மோசம். அந்த ஸ்டாம்புக்கு அடங்கிய தொகையை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை வாங்கியவனுக்கு நாமே கொடுத்ததாக ஆகிவிடும் என்று 1881 செலாவணிப் பத்திரச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. இன்னொரு சூட்சுமமும் உண்டு. இப்படிப்பட்ட நோட்டு மூன்று வருஷத்தில் காலாவதி ஆகும். அது நெருங்கும்போது திடீரென்று வட்டிக்காரன் வீடு தேடி வந்து அன்பாகப் பேசுவான். "ஒரு நூறு ரூபா கொடுப்பா, பின்னாடி வரவு எழுதிக்கிறேன், ஒரு கையெழுத்து போட்டுடு." அந்தக் கையெழுத்தோடு இன்னும் மூன்று வருஷம் புதிதாகத் தொடங்குகிறது. அவன் வந்தது நூறு ரூபாய்க்கு அல்ல.

மில்லுக்குத் திரும்புவோம். சென்னையில் 1918 ஏப்ரல் 27-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில் 1920 அக்டோபரில் கதவடைப்பு செய்தது. அதோடு, சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலானவர்கள்மேல் ஹைகோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கும் போட்டது. 'காண்ட்ராக்டை மீறத் தூண்டினார்கள்' என்பது குற்றச்சாட்டு. கோர்ட் 'இன்ஜங்ஷன்' என்ற தடையுத்தரவைக் கொடுத்தது. அந்த வார்த்தையை அதுவரை நெசவாளி கேட்டதே இல்லை. வேலைக்குப் போகாதே என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வது தூண்டுதல் என்றால், வாயைத் திறப்பதே குற்றம் என்று ஆகிறது. கடைசியில் வாடியா சங்கத்திலிருந்து விலகினார், வழக்கும் வாபஸ் ஆயிற்று. இதைக் கண்டு திடுக்கிட்டுத்தான் என்.எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சரி, அந்த 'லே ஆஃப்' என்னதான்? சீட்டுக் கிழிந்ததாக அர்த்தம் இல்லை. பஞ்சு இல்லை, கரண்ட் இல்லை, நூல் தேங்கிவிட்டது, மிஷின் உடைந்துவிட்டது என்று காரணம் காட்டி முதலாளி தற்காலிகமாக வேலை கொடுக்காமல் இருப்பது. மஸ்டர் ரோலில் பெயர் இருக்கிறது, வேலை போகவில்லை. ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும். ஆனால் தினம் ஒரு தடவை கேட்டுக்கு வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். "வீட்டுக்குப் போங்கய்யா" என்று டைம்கீப்பர் சொன்னதன் சூட்சுமம் புரிகிறதா? போய் வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்தப் பாதியும் போச்சு!

'ரெட்ரெஞ்ச்மெண்ட்' வேறு. செலவைச் சுருக்குவது என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். செலவு என்று அவர்கள் சொல்வது நம்மை. இந்த ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீசும், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். கடைசியில் வந்தவனே முதலில் போக வேண்டும். 1953-ல் பழைய தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்த பாதுகாப்பு இது. இதைத் தட்டிக்கழிக்க ஒரு மந்திரச் சொல் வைத்திருக்கிறார்கள்: 'வாலண்டரி'. தானாக மனமுவந்து போகிறேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டால், அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. பிறகு நோட்டீசும் இல்லை, கடைசியில் வந்தவன் முதலில் என்ற வரிசையும் இல்லை. இதற்குத்தான் 'தங்கக் கைகுலுக்கல்' என்று ஒரு அலங்காரம். மூன்று பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, மில்லை மூடப்போகிறோம், இன்று போட்டால் இவ்வளவு, நாளைக்கு ஒன்றுமில்லை என்று அடித்துப் பேசி வாங்குகிற கையெழுத்துக்குப் பெயர் மனமுவந்தது!

பழைய சட்டங்கள் 29-ஐ நான்கு தொகுப்பாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமல்படுத்தியிருக்கிறார்கள். 'எளிமை', 'நெகிழ்வு' என்று அதற்கும் அழகான பெயர்கள். லே ஆஃபுக்கும் ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் சர்க்காரிடம் முன்அனுமதி கேட்க வேண்டிய ஆலை முன்பு 100 பேர் ஆலை. இப்போது 300 பேர் ஆலை. 299 பேர் வேலை செய்கிற மில் மானேஜருக்குத்தான் இந்த நெகிழ்வு. ஒரே நாளில் பாதிப் பேர் லீவு போட்டால் அதையும் வேலைநிறுத்தம் என்கிறது சட்டம். அங்கே மட்டும் நெகிழ்வைக் காணோம். பட்டணத்துத் தெருவில் மூட்டை முதுகோடு மோட்டார் சைக்கிளில் சோறு கொண்டு போகிற பையனைக் கேளுங்கள், அவனுக்குக் கம்பெனி வைத்த பெயர் 'பார்ட்னர்'. பங்காளியாம். லாபத்தில் பங்கு கேட்டால் தெரியும்.

பெயர் வைக்கும் உரிமை எப்போதும் ஒரு பக்கத்திடமே இருந்ததில்லை. சங்கத்தில் சேர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்று அமெரிக்க முதலாளிகள் ஒப்பந்தம் வாங்கினார்கள். அதைத் தடுத்த மாகாணச் சட்டத்தை அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் 1915-ல் தள்ளுபடி செய்தது. தொழிலாளிகள் அந்தக் காகிதத்துக்கு 'மஞ்சள் நாய் ஒப்பந்தம்' என்று பெயர் வைத்தார்கள். சொறிநாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. 1932-ல் புதுச் சட்டம் வந்து, அந்தக் காகிதம் எந்தப் பெடரல் கோர்ட்டிலும் செல்லாமல் போயிற்று.

அயர்லாந்தின் மேயோ ஜில்லாவில் நடந்தது இதைவிட ருசியான விஷயம். 1880-ல் விளைச்சல் மோசம். குத்தகையில் கால்வாசி குறைக்கக் கேட்டார்கள் குடியானவர்கள். பிரபுவின் காரியஸ்தர் ஒரு ரிட்டையர்டு காப்டன். அவர் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். அடிதடி எதுவும் நடக்கவில்லை. அறுப்புக்கு ஆள் வரவில்லை. கொல்லன் லாடம் அடிக்கவில்லை, கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. வேறு ஜில்லாவிலிருந்து ஐம்பது ஆட்களைக் கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் சிப்பாய்களையும் போலீசையும் நிறுத்தி அறுப்பு அறுத்தார்கள். ஐந்நூறு பவுன் வெள்ளாமைக்குச் சர்க்காருக்குப் பத்தாயிரம் பவுன் செலவு என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

இப்படி ஒதுக்கிவைப்பதற்கு என்ன பெயர் சொல்வது என்று ஒரு பத்திரிகைக்காரர் அந்த ஊர்ப் பாதிரியாரிடம் கேட்டார். 'ஆஸ்ட்ரசைஸ்' என்று கிரேக்கத்திலிருந்து வந்த படித்தவர் சொல் ஒன்று இருந்தது. அது குடியானவர்களுக்குப் புரியாது என்றார் பாதிரியார் ஓமேலி. கொஞ்சம் யோசித்து, அந்தக் காப்டனின் பெயரையே வைத்துவிட்டால் என்ன என்றார். காப்டனின் பெயர் சார்லஸ் பாய்காட். இன்று ருஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு என்று எந்தப் பாஷையிலும் அந்தப் பெயர் ஒரு வினைச்சொல்லாகப் புழங்குகிறது. நவம்பர் கடைசியில் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பினார். வண்டி வாடகைக்குக் கிடைத்தது. ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. ராணுவத்தின் ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறித்தான் போனார்.